படத்தில் ஒன்றும் இல்லை

என் முட்டியைப் பற்றி என்னைத் தவிர எல்லோரும் பேசினார்கள். டாக்டர் பேசினார், பி.டி. மேடம் பேசினார், அம்மா போனில் பேசியது, செம்பியன் மாமா பேசியதோ கொஞ்சநஞ்சமல்ல. முட்டி என்னுடையது. வலியும் என்னுடையது. ஆனால் நான் வாயைத் திறந்தால் மட்டும் சும்மா இரு என்றார்கள். இப்போது நான் சொல்கிறேன், யாரும் குறுக்கே பேச வேண்டாம்.

என் பெயர் வெண்மதி. ஊர் செம்மங்குப்பத்துக்குப் பக்கம். சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிறேன். கபடி ஆடுவேன். பொழுதுபோக்குக்கு ஆடுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள், மாவட்ட அணியில் முதல் ரெய்டு போகிற ஆள் நான். மார்ச் மாதம் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதில் பெயர் வந்துவிட்டால் விளையாட்டுக் கோட்டாவில் போலீசுக்கோ ரயில்வேக்கோ போகலாம். எங்கள் தெருவில் டிகிரி முடித்துவிட்டு, கம்பெனி கேட்டில் தினக்கூலி வேலைக்குப் போய் நிற்கிற அக்காக்கள் ஏகப்பட்ட பேர். எனக்கு அந்த கேட்டில் நிற்க இஷ்டமில்லை. அதற்கு என்னிடம் இருந்தது என் கால்கள்தான்.

செம்பியன் மாமா அம்மாவின் தம்பி. அப்பா இறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். பொம்பளைப் பிள்ளையை வெளியூருக்கெல்லாம் ஆட அனுப்ப முடியாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றபோது, நான் கூடப் போகிறேன் அக்கா என்று சொல்லி என்னை ஆட விட்டவரே அவர்தான். அதை நான் மறுக்கவில்லை. வாலிபத்தில் அவரும் ஆடியவர். களத்தில் யாருக்காவது கை கால் பிசகினால் இழுத்து விடுவார். அந்த நல்ல பெயர்தான் எனக்கு வினையாக வந்தது.

பொங்கலுக்கு எங்கள் ஊரில் போட்டி. கடைசி ஆட்டம். ரெய்டு போய் ஒருத்தியைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினேன். இடது கால் மண்ணில் ஊன்றியபடியே நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பியது. அதற்குள் பின்னாலிருந்து நாலு பேர் மேலே வந்து விழுந்தார்கள். முட்டிக்குள் ஏதோ இடம் மாறியது. வலி என்று சொன்னால் போதாது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. முகம் மண்ணில் கிடந்தது.

மாமா ஓடி வந்து எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னது கேட்டது. என்னைப் புரட்டிப் போட்டார். தோளில் கிடந்த துண்டை உதறி என் கால்மேல் போட்டார். சுற்றி ஆம்பளைகள் நிற்கிறார்கள், பிள்ளை டிரவுசரோடு கிடக்கிறாள் என்று மூடுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். துண்டுக்குள் கையை விட்டு, மடங்கிக் கிடந்த காலை மெல்ல நீட்டினார். நான் போட்ட கத்தலில் மைக்செட்டுக்காரன் பாட்டை நிறுத்திவிட்டான். நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது முட்டி வீங்கியிருந்தது, அவ்வளவுதான். "சுளுக்குதான் பாப்பா. எடுத்து உட்டுட்டேன்" என்றார் மாமா.

மறுநாள் கடலூரில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த டாக்டரின் பெயரைச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. என்ன ஆச்சு என்று அவர் கேட்டார். கேட்டது மாமாவை. ஆடும்போது கால் மடங்கிவிட்டது, லேசாகச் சுளுக்கு என்று மாமா சொன்னார். உள்ளே ஏதோ நகர்ந்த மாதிரி இருந்தது சார் என்று நான் ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்காமலே எக்ஸ்ரேவுக்கு எழுதினார். என்னை மேசையில் படுக்க வைத்து, காலை நீட்டச் சொல்லி நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எலும்பில் ஒன்றும் இல்லை, எல்லாம் நார்மல் என்றார். என் முட்டியை அவர் தொடவே இல்லை. வாழைப்பழம் வாங்குகிறவன்கூட ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பான்.

பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன். வீக்கம் வடிந்தது. ஆனால் படி இறங்கும்போது முட்டி திடீரென்று விட்டுவிடும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வலியைவிடப் பயம்தான் ஜாஸ்தி. நடக்கும்போது, திரும்பும்போது, குனிந்து செருப்பு மாட்டும்போது எல்லாம், இதோ போகப் போகிறது, இதோ போகப் போகிறது என்று மனசு அடித்துக்கொள்ளும். இதை யாரிடம் சொன்னாலும் எக்ஸ்ரேவில் என்ன வந்தது என்று கேட்டார்கள். நார்மல் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் பி.டி. மேடம் கலைமணி. அணியில் இடம் போய்விடுமே என்று உடைந்த விரலோடு ஆடிய காலத்துப் பெருமையை இன்னும் பேசிக்கொண்டிருப்பவர். செலக்ஷனில் சொதப்பிவிடுவோமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டதாம், அதனால்தான் முட்டி முட்டி என்கிறேனாம். அதை மைதானத்தில் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். "படம் பொய் சொல்லாது வெண்மதி. ஆளுங்கதான் சொல்லுவாங்க." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சீன் பார்ட்டி என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திருப்பி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கே சந்தேகம், ஒருவேளை நிஜமாகவே எல்லாம் பயம்தானோ என்று. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

ரோஷத்தில் மறுபடி ஆடினேன். பிப்ரவரியில் ஒரு நாள் பயிற்சியில் திரும்பும்போது மறுபடியும் போனது. இந்தத் தடவை கண்ணால் பார்த்தேன். முட்டியின் முன்பக்கம் பள்ளமாகக் கிடக்க, முட்டிச் சில்லு வெளிப்பக்கமாகப் போய்ப் புடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் நின்ற என் ரூம்மேட் ரேகாவும் பார்த்தாள். வலியில் நான் காலை உதறி நீட்டினேன், டப்பென்று உள்ளே போய்விட்டது. மேடம் வந்து பார்த்தபோது முட்டி எப்போதும்போல் இருந்தது. ரேகா தான் பார்த்ததைச் சொன்னாள். அவளை மேடம் கேட்ட கேள்வி, நீ அவள் ரூம்மேட்தானே, அவளுக்குச் சாதகமாகத்தானே பேசுவாய். அன்றைக்கு வேறொரு டாக்டரிடம் போய் எடுத்த எக்ஸ்ரேவும் அதே மாதிரிதான், காலை நீட்டிப் படுக்க வைத்து. அதிலும் ஒன்றும் இல்லை. என் முட்டி களத்தில் என்ன ஆட்டம் ஆடினாலும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும். அதன்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

நான் கண்ணால் பார்த்ததை அன்று இரவே மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். வீக்கத்தில் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கும் என்றார். சில்லு விலகியது அது இது என்று யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே என்றார். அம்மா போனைப் பிடுங்கி, மாமா உன் நல்லதுக்குத்தான் சொல்வான், வர்ற வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்றது. இதைச் சொல்லும்போது என் நாக்கு கசக்கிறது. அன்றைக்கு மட்டும் அவர் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால், அதற்குப் பிறகு நான் இரண்டு தடவை விழுந்திருக்க மாட்டேன்.

ரேகாதான் விடவில்லை. சிதம்பரத்திலேயே வண்டிகேட் பக்கம் எலும்பு டாக்டர் சிந்துஜா என்று ஒருவர் புதிதாக வந்திருக்கிறார், அவளுடைய அத்தைக்குப் பார்த்தாராம். போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். தனியாகப் போகாதே என்று மாமாவைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டது.

என்ன ஆச்சு என்று டாக்டர் சிந்துஜா கேட்டதும் மாமா வழக்கம்போல ஆரம்பித்தார். டாக்டர் அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். நீ சொல்லும்மா என்றார். எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவர் காலைத் தளர்வாக வைக்கச் சொல்லி, இரண்டு கட்டைவிரலாலும் சில்லை வெளிப்பக்கமாக மெல்லத் தள்ளினார். போய்விடும் என்று உடம்பே பதறி, நான் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் உடனே விட்டுவிட்டார். இந்தப் பிடி ஒன்று போதும், பாதி விஷயம் தெரிந்துவிட்டது என்றார். ஒருத்தராவது என்னை நம்பினார். இரண்டு மாதத்தில் முதல் தடவை.

பிறகு என்னைத் திரும்ப எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். இந்தத் தடவை காலை நீட்ட வைக்கவில்லை. முட்டியை மடக்கி வைத்து, மேலிருந்து பார்க்கிற மாதிரி எடுத்தார்கள். நீட்டிப் படுத்தால் சில்லு சமர்த்தாக நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும், மடக்கி எடுத்தால்தான் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும் என்றார் டாக்டர். படத்தில் என் சில்லு வெளிப்பக்கம் சரிந்து நின்றது. படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே தெரிந்தது. அது விலகப் பார்க்கிற முட்டி என்று இதை வைத்துச் சொல்லலாம், உள்ளே என்ன சேதம் என்று பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் வேண்டாம் என்று மாமா பஸ் ஸ்டாண்டில் நின்று மல்லுக்கட்டினார். இரண்டு டாக்டர் ஒன்றும் இல்லை என்ற பிறகு எதற்கு இது, இந்தப் பொண்ணு சின்ன வயசு டாக்டர், சும்மா பயமுறுத்துகிறது என்றார்.

"அந்த ரெண்டு பேரும் என் காலத் தொடக்கூட இல்ல மாமா. நீ வரலன்னா போ. நான் போறேன்" என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. பின்னாலேயே வந்தார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஸ்கேன் எடுத்தோம். குழாய்க்குள் படுத்திருந்தபோது டமடமவென்று காது கிழிகிற சத்தம். அசையக்கூடாது என்றார்கள். ஏதாவது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கிடந்தேன். தன் முட்டிக்குள் சேதம் இருக்க வேண்டும் என்று ஒருத்தி சாமியைக் கும்பிட வேண்டிய நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் சிந்துஜா கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டுக் காட்டினார். மாமா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சில்லின் உள்விளிம்பில் ஒரு இடம் வெள்ளையாகத் தெரிந்தது. தொடை எலும்பின் வெளிவிளிம்பில் இன்னொரு வெள்ளை. இரண்டும் எலும்புக்குள் பட்ட அடி என்றார்.

"நல்லா பாரு. இது உள்பக்கம், அது வெளிப்பக்கம். சும்மா விழுந்தா இந்த ரெண்டு இடமும் ஒண்ணோட ஒண்ணு மோத முடியாது. சில்லு முழுசா வெளிய போயி, திரும்ப உள்ள வர்றப்ப இடிச்சாத்தான் இப்படி ஜோடியா அடிபடும். உனக்கு முட்டி நழுவியிருக்குது. நீ சொன்னது அத்தனையும் நிஜம்."

மாநில அணியில் பெயர் வந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்திருக்காது. அவர் மேலே சொல்லிக்கொண்டே போனார். சில்லை உள்பக்கம் இழுத்துப் பிடிக்கிற ஜவ்வு கிழிந்திருக்கிறது. குருத்தெலும்பில் ஒரு சின்னத் துணுக்கு உடைந்து மூட்டுக்குள் கிடக்கிறது. அப்புறம் கேட்டார், பொங்கலன்று விழுந்தபோது அது தானாக உள்ளே போனதா, இல்லை யாராவது தள்ளி விட்டார்களா என்று. அது தெரிந்திருந்தால் முதல் டாக்டரே கண்டுபிடித்திருப்பாரே என்றார்.

யாரும் தள்ளவில்லை டாக்டர், மாமா சுளுக்குதான் எடுத்தார் என்று சொல்லிக்கொண்டே மாமாவைப் பார்த்தேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தத் துண்டு எனக்கு ஞாபகம் வந்தது.

"மாமா, துண்டுக்குள்ள என்ன பண்ண?"

வாயில் கொழுக்கட்டையா என்று கேட்டேன், டாக்டர் இருப்பதைக்கூட மறந்து. "வெளிய போயி நின்னுச்சு பாப்பா. நான்தான் தள்ளி உட்டேன்" என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வடலூரில் ஒரு மாப்பிள்ளையாம். எலெக்ட்ரிசிட்டி ஆபீசில் வேலையாம். பொங்கல் கழிந்து என்னைப் பார்க்க வருவதாக இருந்ததாம். மாப்பிள்ளையின் சித்தப்பா அன்றைக்கு ஆட்டம் பார்க்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். பொண்ணுக்கு முட்டி கழன்றுவிட்டது என்று வெளியே தெரிந்தால், நாளைக்குக் குனிந்து நிமிர்ந்து வேலை செய்வாளா, பிள்ளை பெறுவாளா என்று பேசுவார்களாம். அதனால் துண்டு. அதனால் சுளுக்கு. டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதிவிட்டால் யார் கண்ணிலாவது பட்டுவிடுமாம்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்ததே எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். வடலூருக்குத் தெரியும். அந்தச் சித்தப்பனுக்குத் தெரியும்.

டாக்டருக்கே முகம் சிவந்துவிட்டது. உள்ளே தள்ளியதைக் குற்றம் சொல்லவில்லை, மறைத்ததுதான் தப்பு என்றார். அன்றைக்கே தெரிந்திருந்தால் காலுக்குப் பட்டை போட்டு, ஆட்டத்தை நிறுத்தி, பயிற்சி கொடுத்து ஆற வைக்கப் பார்த்திருக்கலாம். அத்தனை தடவை நழுவ விட்டிருக்க வேண்டாம். இனி ஆபரேஷன்தான். துணுக்கை எடுத்துவிட்டு, தொடைத் தசைநாரிலிருந்து எடுத்துப் புது ஜவ்வு வைத்துத் தைக்க வேண்டும். திரும்ப ஆட ஒன்பது மாதமாவது ஆகும் என்றார். செலக்ஷன் அடுத்த வாரம்.

வெளியே வராந்தாவில் நின்று கத்தினேன். காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் மைதானத்தில் பொய்க்காரி என்று பெயர் வாங்கியபோது நீ எங்கே இருந்தாய், சிதம்பரத்தில் எல்லோரும் என்னை நடிப்புக்காரி என்றபோது உனக்குத் தெரியும்தானே, தெரிந்துகொண்டே ஆட விட்டாயே, நீயெல்லாம் ஒரு மாமாவா என்று கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒனக்காகத்தான் பாப்பா செஞ்சேன்" என்றார். அவர் அழுததைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது.

மேடத்துக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல் என்றேன். தயங்கித் தயங்கிப் போட்டார். வெண்மதிக்கு முட்டியில் லேசான பிரச்சனை மேடம், கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்தால் சரியாகிவிடும் என்று அவர் ஆரம்பித்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டேன். முட்டிச் சில்லு நழுவி, ஜவ்வு கிழிந்து, எலும்பு உடைந்து உள்ளே கிடக்கிறது மேடம், படம் பொய் சொல்லாதுன்னு சொன்னீங்களே, இப்ப படம் சொல்லுது, வந்து பாருங்க என்றேன். மேடம் உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டார். அம்மாவுக்குப் போட்டேன். அம்மா அழுதது. அழுதுகொண்டே, மாமாவை எதுவும் சொல்லிவிடாதே, அவன் மனசு தாங்காது என்றது. என் மனசைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்க டாக்டர் எங்களை மறுபடி உள்ளே கூப்பிட்டார். எத்தனை நாள் படுக்கை, எப்போது ஊன்றலாம், எப்போது ஓடலாம் என்று என்னிடம் விளக்கினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

மாமா தொண்டையைச் செருமினார். இந்தப் பிள்ளை இனி ஆடுமா, பழையபடி நடக்குமா என்று கேட்பார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"தழும்பு வெளிய தெரியாம பண்ண முடியுங்களா டாக்டர்?" என்றார்.

எனக்குக் கத்த வரவில்லை. கத்தி ஓய்ந்திருந்தேனோ என்னவோ, குரல் நிதானமாகத்தான் வந்தது.

"தெரியட்டும் டாக்டர். பொண்ணு பாக்க எவனாவது வந்தா மொதல்ல அதப் பாக்கட்டும். நீ வெளிய போயி உக்காரு மாமா. என் காலப் பத்தி நான் பேசணும்."

அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா மெல்ல எழுந்து போனார், வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"கதவ சாத்திட்டுப் போ" என்றேன்.